100 டாலர் நோட்டில் இருப்பவர் குடிநீரைப் பற்றி ஏன் கவலைப்பட்டார்? பெஞ்சமின் பிராங்க்ளினும் காரீயமும்

1786-ம் ஆண்டு ஜூலை 31. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். 80 வயதுப் பெரியவர் ஒருவர் இங்கிலாந்தில் இருக்கும் நண்பருக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். ஒரு வருடத்துக்கு முன்பு, பிரான்ஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில், சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் சந்தித்துப் பேசியிருந்தார்கள். அப்போது பேச்சு ஒரு விஷயத்தில் போய் நின்றது. அதை எழுதி அனுப்புகிறேன் என்று பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அரசியல் விஷயமா? இல்லை. வயிற்றுக்குள் போகும் காரீயம் மனிதனை என்ன செய்யும் என்பதுதான் அந்தப் பேச்சு.

பெரியவரின் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். 100 டாலர் நோட்டில் இருக்கும் அதே முகம். இடிமழையில் பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே ஆள்தான். ஆனால் அவருடைய வாழ்க்கையில் இன்னொரு இழை சிறுவயது முதல் உயில் வரை ஓடுகிறது. அது காரீயமும் குடிநீரும்.

காரீயம்னா எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று நாம் சொல்லும்போது அது வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின். இந்தக் கட்டுரையில் பேசப்போவது காரீயம். ஆங்கிலத்தில் லெட். கார் பேட்டரிக்குள் இருப்பது இதுதான். இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

காரீயம் மென்மையானது, சீக்கிரம் உருகும், சொன்னபடி வளையும், இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. அதனால் ரோமானியர் காலத்திலிருந்தே தண்ணீர்க் குழாய் செய்ய இதைப் பயன்படுத்தினார்கள். லத்தீனில் காரீயத்துக்குப் பெயர் பிளம்பம். குழாய் ரிப்பேருக்கு நாம் கூப்பிடும் பிளம்பர் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த அளவுக்குக் குழாயும் காரீயமும் ஒட்டிப் பிறந்தவை.

சிக்கல் என்னவென்றால், காரீயம் உடம்புக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. உள்ளே போனால் கால்சியம் மாதிரி நடித்து எலும்புக்குள் போய்த் தங்கிவிடும். நரம்பையும் சிறுநீரகத்தையும் ரத்தத்தையும் பாதிக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பாஸ்டனில் கேட்ட முதல் கதை

பிராங்க்ளின் பிறந்தது 1706 ஜனவரி 17, பாஸ்டனில். அப்பா ஜோசையா சோப்பும் மெழுகுவர்த்தியும் காய்ச்சி விற்பவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15-வது. பள்ளிக்கூடம் போனது 2 வருடம்தான். 10 வயதில் அப்பாவின் கடையில் திரி வெட்டும் வேலை. அது பிடிக்கவில்லை என்றதும், 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழக விட்டார்கள்.

அந்த நாட்களில் பாஸ்டன் ஊரே ஒரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தது. நியூ இங்கிலாந்து பகுதியில் காய்ச்சிய ரம் சாராயம் வட கரோலினாவுக்குப் போகும். அதைக் குடித்தவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வருகிறது, கை கால் விளங்காமல் போகிறது என்று அங்கிருந்து புகார் வந்தது. வயிறு முறுக்கும், ஆனால் வெளியே போகாது. அதனால் அந்த நோய்க்கு உலர்ந்த வயிற்றுவலி என்று மக்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

சாராயம் காய்ச்சும் இடங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். சில இடங்களில் வடிகலத்தின் மேல்மூடியும், ஆவி குளிர்ந்து இறங்கும் சுருள் குழாயும் காரீயத்தால் செய்யப்பட்டிருந்தன. சூடான சாராயம் அதன் வழியாக வரும்போது காரீயத்தையும் கரைத்துக்கொண்டு வந்தது. மருத்துவர்களும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 1723-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அப்படிப்பட்ட காரீய மூடிகளையும் குழாய்களையும் தடை செய்து சட்டம் போட்டது.

அப்போது பிராங்க்ளினுக்கு 17 வயது. அதே ஆண்டில்தான் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பாஸ்டனை விட்டு ஓடினார். கையில் காசில்லாமல் பிலடெல்பியாவில் போய் இறங்கினார். ஆனால் அந்த ரம் கதையை மறக்கவில்லை. 63 வருடம் கழித்து எழுதிய கடிதத்தில் முதலில் வருவது அதுதான்.

லண்டனில் சூடான எழுத்துகள்

1724 கடைசியில் பிராங்க்ளின் லண்டனில் இருந்தார். பால்மர் என்பவரின் அச்சுக்கூடத்தில் அச்சுக்கோக்கும் வேலை. அச்செழுத்துகள் பெரும்பகுதி காரீயத்தால் வார்க்கப்பட்டவை. ஒரு வேலை முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, ஈரத்தோடு பெட்டியில் பிரித்துப் போடுவார்கள். லண்டனில் அந்தப் பெட்டியை நெருப்பின் முன்னால் சாய்த்து வைத்து உலர்த்தும் பழக்கம் இருந்தது. பாஸ்டனில் அவர் பார்க்காத வழக்கம் இது.

குளிர்காலம். சூடான எழுத்துகளைத் தொட்டு வேலை செய்வது கைக்கு இதமாக இருந்தது. அதனால் எழுத்து காய்ந்திருந்தாலும் சூட்டுக்காகவே பெட்டியை நெருப்பிடம் கொண்டு வைக்க ஆரம்பித்தார்.

இதைப் பார்த்த ஒரு வயதான தொழிலாளி, தம்பி, வேண்டாம் என்று தடுத்தார். இப்படிச் செய்து கையைக் கெடுத்துக்கொண்ட இரண்டு பேர் அதே கூடத்தில் இருந்தார்கள். வாரம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவரால் அப்போது 10 ஷில்லிங்குக்கு மேல் சம்பாதிக்க முடியவில்லை. இன்னொருவருக்கு மணிக்கட்டு தொங்கிப்போய் ஏழரை ஷில்லிங்தான் கிடைத்தது.

பிராங்க்ளினுக்கும் கை எலும்புக்குள் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு வலி அவ்வப்போது வந்திருந்தது. உடனே அந்தப் பழக்கத்தை விட்டார். ஆனால் அத்தோடு விட்டுவிடவில்லை. பக்கத்திலேயே எழுத்து வார்க்கும் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போய் விசாரித்தார். உருகிய உலோகத்தின் பக்கத்திலேயே நிற்கும் உங்கள் ஆட்களுக்கு இந்த நோய் வருவதில்லையா என்பது கேள்வி. ஆவியால் ஒன்றுமில்லை, கையைச் சரியாகக் கழுவாமல் ரொட்டியை எடுத்துத் தின்பவர்களுக்குத்தான் வருகிறது என்றார் அவர். அந்தப் பதிலில் நியாயம் இருப்பதாக பிராங்க்ளினுக்குப் பட்டது. ஆனாலும் தன் கையில் வந்த வலியை நினைத்து, ஆவியைப் பற்றிய பயமும் போகவில்லை. இன்றைய மருத்துவம் இரண்டு வழியையும் ஒப்புக்கொள்கிறது.

லண்டனில் அவருக்கு இன்னொரு பெயரும் கிடைத்தது. அடுத்து வேலை பார்த்த அச்சுக்கூடத்தில் எல்லோரும் காலை முதல் இரவு வரை பீர் குடிப்பவர்கள். இவர் மட்டும் தண்ணீர். அதனால் தண்ணீர் அமெரிக்கன் என்று கிண்டல் செய்தார்கள்.

பிலடெல்பியாவின் ஓடை

1726-ல் பிலடெல்பியா திரும்பியவர், சீக்கிரமே சொந்த அச்சுக்கூடம் போட்டார். 1729-ல் பென்சில்வேனியா கெஸட் பத்திரிகையை வாங்கினார். 1730-ல் டெபோராவோடு குடும்ப வாழ்க்கை தொடங்கியது. 1732 முதல் வெளியிட்ட ஏழை ரிச்சர்ட் பஞ்சாங்கம் நன்றாக விற்றது. ஊருக்கு நூலகம், தன்னார்வத் தீயணைப்புப் படை என்று ஒவ்வொன்றாக நண்பர்களைச் சேர்த்து உருவாக்கினார். 1751-ல் டாக்டர் தாமஸ் பாண்ட் தொடங்கிய மருத்துவமனைக்கு நிதி திரட்டக் கூடவே நின்றார்.

நடுவில் ஒரு பெரிய இழப்பு. 1736-ல் 4 வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையில் இறந்துபோனான். அம்மை குத்திக்கொள்ளும் முறை அப்போதே இருந்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால் குணமாகட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். கடைசிவரை அவரை அரித்த விஷயம் இது. தீர்வு கையில் இருந்தும் காலத்தில் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகப் பாடம் இல்லை.

1739-ல் தண்ணீருக்காக முதல் சண்டை போட்டார். நகரத்தின் நடுவே ஓடிய டாக் ஓடையின் கரையில் தோல் பதனிடும் கூடங்கள் இருந்தன. கழிவெல்லாம் ஓடையில்தான். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தினரோடு சேர்ந்து சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார். கூடங்களை ஊருக்கு வெளியே மாற்றச் சொன்னார். முதலாளிகள் எதிர்த்தார்கள். ஓடை சுத்தமாகவில்லை. பின்னாளில் அதை மூடி மேலே தெருவே போட்டுவிட்டார்கள்.

1745-ல் அவருடைய அச்சகத்திலிருந்து ஒரு மருத்துவ நூல் வந்தது. பிலடெல்பியா மருத்துவர் தாமஸ் கேட்வாலடர் உலர்ந்த வயிற்றுவலியைப் பற்றி எழுதியது. சிறுவயதில் கேள்விப்பட்ட நோய், இப்போது அவருடைய சொந்த அச்சகத்திலேயே காரீய எழுத்துகளில் அச்சாகி வந்தது.

பாரிஸ் மருத்துவமனையின் பட்டியல்

1752-ல் பட்டம் விட்ட சோதனைக்குப் பிறகு பிராங்க்ளின் ஐரோப்பா முழுக்கப் பிரபலம். 1757 முதல் பெரும்பாலும் லண்டனில்தான் வாசம். 1767-ல் மருத்துவர் சர் ஜான் பிரிங்கிளோடு பாரிஸ் போனார். அங்கே லா ஷாரிட்டே என்ற மருத்துவமனை இந்த வயிற்றுவலிக்கு வைத்தியம் செய்வதில் பேர்போனது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் கட்டிடத்தைப் பார்ப்பார்கள். அங்கே போன பிரிங்கிளோ நோயாளிகளின் பெயரும் தொழிலும் அச்சிட்ட ஒரு சிறு பிரசுரத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பட்டியலை பிராங்க்ளின் தொழில்வாரியாகப் பார்த்தார். குழாய் வேலை செய்பவர், கண்ணாடி பதிப்பவர், பெயின்டர் என்று ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு வகையில் காரீயத்தைத் தொடுபவர்கள். இரண்டு பிரிவு மட்டும் இடித்தது. கல்தச்சர்கள், போர்வீரர்கள். கல்லுக்கும் காரீயத்துக்கும் என்ன சம்பந்தம்? சிப்பாய்க்கு எங்கிருந்து வந்தது?

இங்கேதான் பிராங்க்ளினின் குணம் தெரியும். ஒத்துவராத இரண்டையும் ஒதுக்கிவிட்டு முடிவுக்கு வந்துவிடவில்லை. மருத்துவமனை மருத்துவரிடமே கேட்டார். விடை கிடைத்தது. கல்தச்சர்கள் இரும்புக் கைப்பிடிக் கம்பிகளைக் கல்லில் பதிக்கும்போது ஓட்டையில் உருக்கிய காரீயத்தை ஊற்றுவார்கள். போர்வீரர்கள் ஓய்வு நேரத்தில் பெயின்டர்களிடம் கூலிக்குச் சேர்ந்து வண்ணம் அரைப்பார்கள். அந்தக் கால வெள்ளை பெயின்ட் காரீயத்தில் செய்தது. ஆக, பட்டியலில் விதிவிலக்கே இல்லை.

அதே 1767-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவரும் இதே முடிச்சை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தார். டெவன் பகுதியில் ஆப்பிள் மதுவான சைடர் குடிப்பவர்களுக்கு மட்டும் இந்த வயிற்றுவலி ஏன் அதிகம் என்று தேடினார். அங்கே ஆப்பிளைப் பிழியும் சாதனங்களில் காரீயம் இருந்தது. புளிப்பான சாறு அதைக் கரைத்தது. சைடர் உற்பத்தியாளர்கள் அவர்மீது கடும் கோபம் கொண்டார்கள். அடுத்த ஆண்டு பிராங்க்ளின் ஊரில் உள்ள ஒரு மருத்துவ நண்பருக்கு எழுதும்போது, இந்த நோய்க்குக் காரணம் எப்போதும் உலோகம்தான் என்ற தன் கருத்தைத் தெளிவாகச் சொன்னார்.

மேட்டு வீட்டின் மழைநீர்

இப்போது 1786 கடிதத்தில் குடிநீர் வரும் பகுதி. பிராங்க்ளின் கேள்விப்பட்ட ஒரு சம்பவம். ஐரோப்பாவில் எங்கோ ஒரு பண்ணை வீடு. மேட்டில் இருந்ததால் கிணறு தோண்ட முடியவில்லை. கூரை முழுக்கக் காரீயத் தகடு. அதில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தார்கள். பல வருடம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று ஒரு வருடம் குடும்பம் மொத்தமும் அந்த வயிற்றுவலியில் விழுந்தது.

கூரை அதேதான். தொட்டி அதேதான். அப்புறம் என்னதான் மாறியது?

வீட்டை ஒட்டி நட்டிருந்த மரக்கன்றுகள் வளர்ந்து கூரைக்கு மேலே போயிருந்தன. இலைகள் உதிர்ந்து கூரையில் கிடந்து அழுகின. அதிலிருந்து வந்த அமிலம் காரீயத்தை அரித்துத் தண்ணீரில் சேர்த்தது என்பதுதான் சொல்லப்பட்ட விளக்கம்.

இந்தச் சின்னக் கதைக்குள் காரீயக் குழாயின் முழு வேதியியலும் இருக்கிறது. காரீயத்தின் மேல் தண்ணீர் படப்பட, ஒரு மெல்லிய படலம் உருவாகும். அது உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கும். தண்ணீரின் தன்மை அப்படியே இருக்கும்வரை அந்தச் சுவர் ஓரளவு காப்பாற்றும். தண்ணீர் அமிலமாக மாறினால், அல்லது அதன் வேதித்தன்மை வேறு வகையில் மாறினால், சுவர் இடிந்துவிடும். குழாயை யாரும் தொடவே வேண்டாம். தண்ணீர் மாறினால் போதும். இத்தனை வருடமாகக் குடிக்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே என்ற சமாதானம் காரீயத்திடம் செல்லாது.

அரசியலும் முரணும்

இந்த ஆராய்ச்சிகளுக்கு நடுவே அவருடைய அரசியல் வாழ்க்கையும் ஓடியது. 1774-ல் டெபோரா இறந்தபோது அவர் லண்டனில் இருந்தார், 10 ஆண்டுகளாக மனைவியைப் பார்க்கவில்லை. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து. அந்த ஆண்டே, 70 வயதில், பிரான்ஸின் உதவி கேட்டுக் கப்பல் ஏறினார். 1783-ல் போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கையிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. 1787-ல் அரசியல் சாசன மாநாட்டில் எல்லோரையும் விட மூத்தவர் அவர்தான்.

இந்த வாழ்க்கையில் கறையும் உண்டு. பிராங்க்ளின் அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களைப் போட்டுக் காசு வாங்கியது. கடைசிக் காலத்தில் மனம் மாறி, அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனு அவர் கையெழுத்தோடு போனது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 17-ல், 84 வயதில் இறந்தார்.

உயிலில் தண்ணீர்

1789-ல் அவர் உயிலில் ஒரு பின்சேர்க்கை எழுதினார். பிறந்த ஊரான பாஸ்டனுக்கு 1,000 பவுண்டு, வாழ்ந்த ஊரான பிலடெல்பியாவுக்கு 1,000 பவுண்டு. இளம் கைத்தொழிலாளர்களுக்கு 5 சதவீத வட்டியில் கடனாகக் கொடுத்து 200 வருடம் வளர்க்க வேண்டும் என்பது திட்டம். 100 வருடம் முடிந்ததும் பெரும்பகுதியை எடுத்து ஊருக்கு நல்ல காரியம் செய்யலாம்.

பிலடெல்பியாவுக்கு அவர் முதலில் சொன்ன காரியம் குடிநீர். விஸாஹிக்கான் ஓடையிலிருந்து குழாய் வழியே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். காரணத்தையும் எழுதியிருந்தார். வீடும் தளம் போட்ட தெருவும் பெருகப் பெருக மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, ஊற்று புதுப்பிக்கப்படாது, கிணற்றுத் தண்ணீர் வருடா வருடம் கெட்டு கடைசியில் குடிக்க லாயக்கற்றதாகிவிடும், பழைய நகரங்கள் எல்லாவற்றிலும் இதுதான் நடந்திருக்கிறது என்பது அவர் கணிப்பு.

ஊர் 100 வருடம் காத்திருக்கவில்லை. 1793-ல் மஞ்சள் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நல்ல தண்ணீர் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1801-ல் பிலடெல்பியாவில் நீராவி இயந்திரம் ஆற்றுநீரை ஏற்றியது. தெருக்களுக்குத் தண்ணீரைக் கொண்டுபோனவை குடைந்த மரக் குழாய்கள். பிறகு வார்ப்பிரும்பு வந்தது.

தெரிந்தே போட்ட குழாய்கள்

பிராங்க்ளின் கடிதத்தில் நகரக் குழாய்களைப் பற்றி எதுவும் இல்லை. கூரை, சாராயக் கலம், அச்சுக்கூடம் இவற்றைத்தான் எழுதினார். அவர் கணக்கில் எடுத்தது கண்ணுக்குத் தெரியும் நோயை. வலியே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தைகளின் மூளையைக் காரீயம் பாதிக்கும் என்பது 20-ம் நூற்றாண்டில்தான் உறுதியானது.

ஆனாலும் காரீயம் விஷம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் வீட்டு இணைப்புகளுக்குக் காரீயக் குழாயைப் போட்டுத் தள்ளின. தெருவில் ஓடும் பெரிய குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் சின்னக் குழாய் அது. சுலபமாக வளையும், இரும்பைவிட நீண்ட நாள் உழைக்கும். கணக்குப் பார்த்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவில் புதிதாகக் காரீயக் குழாய் போடக் கூடாது என்று நாடு தழுவிய சட்டத் திருத்தம் வந்தது 1986-ல். பிராங்க்ளின் கடிதம் எழுதி சரியாக 200 வருடம். அதுவும் புதிய குழாய்க்குத்தான் தடை. மண்ணுக்குள் ஏற்கெனவே கிடப்பவை அப்படியே இருந்தன.

விளைவு 2014-ல் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரில் தெரிந்தது. அப்போது சுமார் 1 லட்சம் பேர் வாழ்ந்த ஊர். செலவைக் குறைக்க, அந்த ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை டெட்ராய்ட் வழங்கிய ஏரி நீரிலிருந்து பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகக் குழாய்க்குள் படிந்திருந்த படலம் கரைந்தது. மேட்டு வீட்டின் கூரையில் இலைகள் செய்த வேலையை இங்கே ஆற்றுநீர் செய்தது.

தண்ணீரில் கோளாறு என்று மக்கள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பாதுகாப்பான தண்ணீர்தான் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2015 செப்டம்பரில் உள்ளூர்க் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழந்தைகளின் முகவரியோடு ஒப்பிட்டார். தண்ணீர் மாறிய பிறகு ரத்தத்தில் காரீயம் கூடியது கணக்கில் தெரிந்தது. பாரிஸில் பிராங்க்ளின் பெயரையும் தொழிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதே வழி. அடுத்த மாதமே பழைய ஏரி நீருக்குத் திரும்பினார்கள். அதற்குள் ஒன்றரை வருடம் போயிருந்தது.

2024 அக்டோபரில் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புதிய விதி கொண்டுவந்தது. பெரும்பாலான குடிநீர் அமைப்புகள் 10 ஆண்டுகளுக்குள் காரீய இணைப்புக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்ற வேண்டும். முகமையின் அப்போதைய மதிப்பீட்டில் அப்படி மண்ணுக்குள் இருந்தவை சுமார் 90 லட்சம் குழாய்கள்.

அதுவரை அந்த வீடுகளில் என்ன செய்ய வேண்டும்? காரீயத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை, குடித்தால் ருசியும் தெரியாது. பரிசோதித்தால்தான் தெரியும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீரில் காரீயம் அதிகம் சேரும். அதனால் காலையில் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து விட்டபிறகே பிடிக்கச் சொல்கிறார்கள். சுடுநீர் காரீயத்தை வேகமாகக் கரைக்கும். எனவே சமையலுக்கும் குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும் குளிர்நீர்க் குழாய்தான். காரீயத்தை நீக்கும் என்று சான்று பெற்ற வடிகட்டி இருந்தால் நல்லது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று அந்த அமைப்பும் சொல்வதில்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

பிராங்க்ளின் அந்தக் கடிதத்தை முடித்த விதம் கவனிக்க வேண்டியது. காரீயத்தின் கேடு ஊருக்குத் தெரிய வந்து 60 வருடத்துக்கு மேல் ஆகிறது, பயனுள்ள ஓர் உண்மை தெரிந்திருந்தும் அதை எல்லோரும் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவர எவ்வளவு காலம் பிடிக்கிறது பாருங்கள் என்று நண்பரிடம் வருத்தத்தோடு சொல்லி முடிக்கிறார். அவர் எண்ணியது 60 வருடம். 2024-ல் அந்த விதி வந்தபோது, கடிதத்துக்கு வயது 238.